பொருளைக் குறிக்கும் மொழி: எக்ஸ்எம்எல்லின் வருங்காலமும் மாணவர் பெறவேண்டிய திறன்களும்

(உயர்வகுப்பு மாணவருக்கும் பெற்றோருக்குமான பாடக் கட்டுரை)

தோற்றுவாய்

கணினித்துறையில் நுழைய விரும்பும் எம் உயர்வகுப்பு மாணவரிடையே ஒரு கருத்து வலுப்பெற்று வருகின்றது. "எக்ஸ்எம்எல் பழைய காலத்துச் சரக்கு, இப்பொழுது எல்லாம் ஜேசன்தான், அதைக் கற்பது நேரத்தை வீணாக்குவதாகும்" என்பதே அக்கருத்து. பெற்றோரின் வினா வேறு. "எதைப் படித்தால் என் பிள்ளைக்கு நிலையான தொழில் கிடைக்கும்?" என்று அவர்கள் கேட்கின்றனர். இவை இரண்டும் வெவ்வேறு வினாக்கள் போலத் தோன்றினும் விடை ஒன்றுதான். அவ்விடையை ஒரு பாடமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எக்ஸ்எம்எல் என்பது யாது, அது எவ்விடங்களில் தளர்ந்தது, எவ்விடங்களில் வேரூன்றி நிற்கின்றது, தமிழுக்கு அதனால் ஆவது என்ன, அதனை ஒட்டி நம் பிள்ளைகள் எத்திறன்களைத் தேடவேண்டும் என்பவற்றை முறையே காண்போம்.

1. குறித்தல் என்னும் தொழில்

பழந்தமிழ் ஏட்டுச் சுவடிகளைப் பார்த்தவர்கள் ஒன்றை அறிவர். மெய்யெழுத்துகளின் மேற் புள்ளி பெரும்பாலும் இராது. சொற்களுக்கிடையே இடைவெளி இராது. மூலமும் அதன் உரையும் ஒரே சீராகத் தொடர்ந்து செல்லும். எது செய்யுள், எது உரை, எது மேற்கோள் என்பதைப் படிப்பவரே தம் புலமையால் பிரித்தறிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் முதலிய பெரியோர் பழைய நூல்களை அச்சேற்றியபோது ஆற்றிய அரும்பணிகளுள் இவ்வாறு பிரித்துக் காட்டுதலும் ஒன்றாகும்.

அச்சகங்களிலும் இத்தகைய பணி நடந்தது. பதிப்பாசிரியர் கையெழுத்துப் படியின் ஓரத்தில் குறிகளை இடுவார். அச்சுக்கோப்பவர் அக்குறிகளைப் பார்த்து எந்த அளவு எழுத்தை எடுப்பது என்று முடிவு செய்வார். ஆங்கில அச்சுத்தொழிலில் இவ்வேலைக்கு வழங்கிய 'மார்க்கப்' என்னும் பெயரே பின்னர் கணினித்துறைக்கும் வந்தது. தமிழில் அதனைக் குறித்தல் என்றும், அதற்குரிய மொழியைக் குறிமொழி என்றும் வழங்குவோம்.

குறிகள் இருவகைப்படும். "இதனைத் தடித்த எழுத்தில் இடுக" என்பது தோற்றக்குறி. "இது நூலின் பெயர்" என்பது பொருட்குறி. ஒரு கட்டுரையில் நூற்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் தடித்த எழுத்தில் இட்டுவிட்டோம் என வைத்துக்கொள்வோம். பின்னொரு நாளில் "இக்கட்டுரையில் வரும் ஊர்களை மட்டும் பட்டியலிடுக" என்று கணினிக்குக் கட்டளையிட்டால் அது திகைத்து நிற்கும். அதற்குத் தெரிந்தது தடிப்பு மட்டுமே. மாறாக, ஊரை ஊர் என்றும் நூலை நூல் என்றும் குறித்திருந்தால் பட்டியல் நொடியில் வந்துவிடும். வேண்டிய தோற்றத்தையும் வேண்டிய பொழுதில் அளித்துக்கொள்ளலாம். பொருளிலிருந்து தோற்றத்தைப் பெறலாம். தோற்றத்திலிருந்து பொருளை மீட்பது கடினம். இப்பாடத்தின் உயிர்நாடி இதுவே.

2. வரலாறு சுருக்கமாக

1969ஆம் ஆண்டளவில் ஐபிஎம் நிறுவனத்தில் சார்ள்ஸ் கோல்ட்பார்ப், எட்வேட் மோஷர், றேமண்ட் லோறி ஆகிய மூவர் சட்ட ஆவணங்களைக் கணினியிற் கையாளும் முறையொன்றை ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியில் பிறந்த குறிமொழிக்கு அவர்களது குடும்பப்பெயர்களின் முதலெழுத்துகளே பெயராக அமைந்தன: ஜிஎம்எல். அது வளர்ந்து எஸ்ஜிஎம்எல் என்னும் பெயருடன் 1986இல் பன்னாட்டுத் தரமாயிற்று. ஆற்றல் மிக்கதெனினும் அது சிக்கலானது. பெரிய நிறுவனங்களே அதனைப் பயன்படுத்தின.

1989இல் ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ் லீ உலகளாவிய வலையை முன்மொழிந்தார். வலைப்பக்கங்களுக்கென அவர் உருவாக்கிய எச்ரிஎம்எல், எஸ்ஜிஎம்எல்லின் குறியிடும் முறையை எளிமையாக எடுத்துக்கொண்டது. ஆனால் அதில் உள்ள குறிகள் வரையறுக்கப்பட்டவை. தலைப்பு, பந்தி, இணைப்பு என்பவற்றுக்குக் குறிகள் உண்டு. விலை, நோயாளியின் பெயர், சட்டப்பிரிவு என்பவற்றுக்கு இல்லை.

இக்குறையை நீக்குவதற்காக 1996இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பில் ஜோன் பொசாக் தலைமையில் ஒரு குழு அமைந்தது. ரிம் பிறே, ஜீன் பவோலி, ஸ்பேர்பேர்க் மக்குவீன் ஆகியோர் பதிப்பாசிரியர்களாகப் பணிபுரிந்தனர். 1998ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் எக்ஸ்எம்எல் 1.0 வெளியாயிற்று. அப்பெயரின் பொருள் 'விரிவாக்கத்தக்க குறிமொழி' என்பதாகும். குறிகளின் பெயர்களை முன்கூட்டியே கொடுக்காமல், அவற்றைப் படைத்துக்கொள்ளும் உரிமையையும், படைக்கும்போது கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கையும் அது தந்தது.

3. ஓர் எடுத்துக்காட்டு

எமது பாடசாலை நூலகத்தில் ஒரு நூல் இரவல் கொடுக்கப்பட்டதாகக் கொள்வோம். அப்பதிவை எக்ஸ்எம்எல்லில் இவ்வாறு எழுதலாம்:

<நூலகம்>
  <நூல் எண்="17">
    <தலைப்பு>திருக்குறள்</தலைப்பு>
    <உரையாசிரியர்>பரிமேலழகர்</உரையாசிரியர்>
    <இரவல் நாள்="2025-09-13">எட்டாம் வகுப்பு</இரவல்>
  </நூல்>
</நூலகம்>

கோண அடைப்புக்குள் இருப்பவை குறிகள். திறக்கும் குறி ஒன்று, சாய்கோட்டுடன் கூடிய மூடும் குறி ஒன்று. இரண்டுக்கும் இடைப்பட்டது உள்ளடக்கம். திறக்கும் குறிக்குள் மேற்கோட் குறியிட்டு எழுதப்பட்ட எண், நாள் என்பவை பண்புகள் எனப்படும்.

குறிப்பெயர்கள் தமிழில் இருப்பதைக் கண்டு சிலர் வியக்கலாம். இது கற்பனை அன்று. எக்ஸ்எம்எல் தொடக்கம் முதலே யுனிக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. அதன் 1998ஆம் ஆண்டு விதிகளிலேயே குறிப்பெயர்களில் தமிழ் எழுத்துகள் வருவதற்கு இடமுண்டு.

இதன் விதிகள் சிலவே. முழு ஆவணத்தையும் ஒரே வெளிக்குறி சூழ்ந்திருத்தல் வேண்டும். திறந்த குறி மூடப்படுதல் வேண்டும். கடைசியாகத் திறந்தது முதலில் மூடப்படுதல் வேண்டும். ஒன்றினுள் ஒன்றாக அடுக்கிய பெட்டிகளை மூடும்போது உட்பெட்டியை மூடிய பின்னரே வெளிப்பெட்டியை மூட இயலும் அல்லவா? பண்புகளின் மதிப்புகள் மேற்கோட் குறிக்குள் இருத்தல் வேண்டும். இவ்விதிகளுக்கு அமைந்த ஆவணத்தைச் 'செவ்விதின் அமைந்தது' என்பர். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும் எக்ஸ்எம்எல்லை வாசிக்கும் மென்பொருள் பிழையை அறிவித்து நின்றுவிடும். பிழையை ஊகித்துத் திருத்தி மேலே செல்வது எச்ரிஎம்எல்லின் வழக்கம்.

இதற்கு மேல் இன்னொரு படி உண்டு. "ஒவ்வொரு நூலுக்கும் தலைப்பு கட்டாயம், உரையாசிரியர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், நாள் என்பது ஆண்டு, மாதம், தேதி என்னும் வரிசையில் இருத்தல் வேண்டும்" என்பன போன்ற விதிகளைத் தனியே ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம். அது அமைப்புவிதி எனப்படும். அதற்கும் இணங்கிய ஆவணமே 'ஏற்புடையது'. ஒரு வாக்கியம் எழுத்துப்பிழையின்றி இருத்தல் வேறு, கருதிய பொருளுக்குப் பொருத்தமாக இருத்தல் வேறு என்று இலக்கண வகுப்பிற் கற்பதை இங்கு நினைவுகூர்க.

நாளை எழுதும் முறையைக் கவனிக்க. 03.04.2025 என்பது ஜேர்மனியில் ஏப்ரல் மூன்றாம் நாள். அதே இலக்கங்களை அமெரிக்கர் மார்ச் நான்காம் நாள் என்று கொள்வர். மருந்துக்கோ கடனுக்கோ உரிய நாளில் இவ்வாறு ஐயம் நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்பதை எண்ணிப் பார்த்தால், அமைப்புவிதியின் தேவை விளங்கும்.

4. எங்கே தளர்ந்தது?

மாணவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டளவில் எக்ஸ்எம்எல் எல்லாவற்றையும் ஆட்கொள்ளும் என்று பலர் எதிர்பார்த்தனர். வலைப்பக்கங்களையும் அதன் கடும் ஒழுங்குக்குள் கொண்டுவர முயன்றனர். எக்ஸ்எச்ரிஎம்எல் 2 என்னும் அம்முயற்சி 2009இல் கைவிடப்பட்டது. எச்ரிஎம்எல் 5 வலையை ஆண்டது.

அதே காலத்தில் டக்ளஸ் குறொக்போர்ட் ஜேசன் என்னும் எளிய வடிவத்தைப் பரப்பினார். அதில் மூடும் குறிகள் இல்லை. நிரல்மொழிகளில் உள்ள பட்டியல்களுக்கும் பெயர்–மதிப்பு இணைகளுக்கும் அது நேராகப் பொருந்துகின்றது. கைத்தொலைபேசிச் செயலியும் வழங்கியும் தமக்குள் சிறு செய்திகளைப் பரிமாறுவதற்கு அதுவே இலகுவானது. எனவே இணையச் சேவைகளில் பெரும்பகுதி ஜேசனுக்கு மாறியது. 2025இல் குரோம் உலாவியை உருவாக்குவோர், எக்ஸ்எம்எல்லை உருமாற்ற உதவும் எக்ஸ்எஸ்எல்ரியின் பழைய பதிப்பை உலாவியிலிருந்து நீக்கவுள்ளதாக அறிவித்தனர். ஆகவே உலாவியில் எக்ஸ்எம்எல்லின் காலம் சுருங்கிவருகின்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

5. எங்கே வேரூன்றி நிற்கின்றது?

கண்ணுக்குத் தெரியும் இடங்களிலிருந்து விலகிய எக்ஸ்எம்எல், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் நிலைபெற்றுள்ளது. இதனை நீங்களே சோதித்தறியலாம். மைக்ரோசொப்ட் வேர்ட்டில் எழுதிய கோப்பொன்றைப் படியெடுத்து, அப்படியின் பெயரின் இறுதியில் உள்ள 'டொக்எக்ஸ்' என்பதை 'சிப்' என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே பல எக்ஸ்எம்எல் கோப்புகள் இருக்கும். நீங்கள் எழுதிய கட்டுரை அவற்றுள் ஒன்றில் இருக்கும். ஈபப் மின்னூல்களும் இத்தகையனவே.

வங்கிகளைப் பாருங்கள். ஐரோப்பாவில் யூரோப் பணமாற்றங்களுக்கான செய்திகள் ஐஎஸ்ஓ 20022 என்னும் தரத்தின்படி எக்ஸ்எம்எல்லில் அமைகின்றன. நாடுகளுக்கிடையிலான வங்கிப் பணமாற்றச் செய்திகளை ஸ்விஃப்ட் வலையமைப்பு 2023 மார்ச் மாதம் தொடக்கம் இத்தரத்துக்கு மாற்றிவந்தது. பழைய வடிவமும் புதியதும் ஒருங்கே வழங்கிய இடைக்காலம் 2025 நவம்பரில் முடிவுற்றது. இறந்த மொழிக்கு எவரும் இத்தகைய பெருஞ்செலவில் மாறுவதில்லை.

நாம் வாழும் ஜேர்மனியில் இன்னும் அண்மையான எடுத்துக்காட்டு உண்டு. எம்மவரிற் கடை நடத்துவோர் இதனைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் நாள் முதல், உள்நாட்டு வணிகங்கள் ஒன்றுக்கொன்று வழங்கும் விலைச்சிட்டைகளில் மின்விலைச்சிட்டை முறை தொடங்கியது. அன்று முதல் ஒவ்வொரு வணிகரும் மின்விலைச்சிட்டையைப் பெற்றுக்கொள்ளக் கூடியவராக இருத்தல் வேண்டும். அதனை வழங்குவதற்குக் கால அவகாசம் உண்டு: முந்திய ஆண்டின் விற்றுமுதல் 800,000 யூரோவுக்கு மேற்பட்டோருக்கு 2026 இறுதிவரை, ஏனையோருக்கு 2027 இறுதிவரை. 250 யூரோ வரையிலான சிறு சிட்டைகளுக்கும், சிறு வணிகர் என வரிச்சட்டம் வகுத்தோர் வழங்கும் சிட்டைகளுக்கும் விலக்கு உண்டு.

இங்கு ஒரு நுட்பத்தை அறிய வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பிய சாதாரண பிடிஎப் இச்சட்டத்தின்படி மின்விலைச்சிட்டை ஆகாது. பிடிஎப் என்பது விலைச்சிட்டையின் தோற்றம். கண்ணுள்ள மனிதர் அதைப் படிக்கலாம். எந்த எண் வரி, எந்த எண் மொத்தம் என்பதைக் கணினி ஐயமின்றி அறிய இயலாது. 'எக்ஸ்ரெஹ்னுங்' என்னும் வடிவம் முழுதும் எக்ஸ்எம்எல். 'சுக்பேர்ட்' என்னும் வடிவத்தில், மனிதர் படிப்பதற்கான பிடிஎப்பின் உள்ளே கணினி படிப்பதற்கான எக்ஸ்எம்எல் கோப்பு பொதிந்திருக்கும். முதற்பிரிவிற் சொன்ன தோற்றக்குறி, பொருட்குறி என்னும் வேறுபாடு இங்கே நாட்டின் வரிச்சட்டமாகவே ஆகிவிட்டது! ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் ஏற்றுக்கொண்ட சட்டத்தின்படி, உறுப்பு நாடுகளுக்கிடையிலான வணிகத்துக்கும் 2030 ஜூலை முதல் மின்விலைச்சிட்டை விதியாகின்றது.

இவை மட்டுமல்ல. நாம் ஒரு நகரிலிருந்து இன்னொரு நகருக்குக் குடிபெயர்ந்து 'அன்மெல்டுங்' செய்யும்போது, பதிவு அலுவலகங்கள் தமக்குள் 'எக்ஸ்மெல்ட்' என்னும் எக்ஸ்எம்எல் தரத்தின்படியே செய்திகளைப் பரிமாறுகின்றன. ஜேர்மனியின் கூட்டாட்சிச் சட்டங்கள் இணையத்தில் எக்ஸ்எம்எல் வடிவிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. பணம், சட்டம், குடிப்பதிவு என்பவை பிழைபொறுக்காத துறைகள்; பல்லாண்டுகள் கழிந்தும் ஆவணத்தின் பொருள் மாறாதிருக்க வேண்டிய துறைகள். எக்ஸ்எம்எல்லின் கடுமை அங்கே குறையாகாமல் குணமாகின்றது.

6. எக்ஸ்எம்எல்லா, ஜேசனா?

இரண்டும் பகையல்ல, வேலை வேறு. பெயரும் மதிப்புமாகப் பிரிந்து நிற்கும் சிறு தரவுகளுக்கு ஜேசன் ஏற்றது. வெப்பநிலை, பேருந்து நேரம், விளையாட்டுப் புள்ளி என்பன இத்தகையன. ஆனால் தொடர்ந்து செல்லும் உரைநடையின் நடுவே பொருளைக் குறிக்க வேண்டுமாயின் நிலைமை வேறு:

<வாக்கியம்><ஆள்>சங்கிலியன்</ஆள்> <இடம்>நல்லூரில்</இடம்> இருந்து ஆட்சி புரிந்தான்.</வாக்கியம்>

இங்கே வாக்கியம் குலையவில்லை. குறிகளை அகற்றிவிட்டால் உரை முன்போலவே நிற்கும். குறிகள் இருந்தால் ஆளையும் இடத்தையும் தேடலாம். இவ்வாறு உரையும் குறியும் கலந்து நிற்பதைக் கலப்பு உள்ளடக்கம் என்பர். ஜேசனில் இதனை எழுத முற்பட்டால் வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்ட நேரிடும். எனவே நூல், சட்டம், ஆய்வுக்கட்டுரை, கைந்நூல், கடிதம் என்று மனிதர் படிப்பதற்காக எழுதப்படுபவை உள்ளவரை எக்ஸ்எம்எல்லுக்கோ அதன் வழித்தோன்றலுக்கோ வேலை உண்டு.

7. தமிழுக்கு ஆவது என்ன?

1990களில் புலம்பெயர் நாடுகளில் வெளிவந்த எம்மவர் மலர்கள், சஞ்சிகைகள் பல பாமினி போன்ற எழுத்துருக்களிலே தட்டச்சுச் செய்யப்பட்டன. அவ்வெழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தன. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை பயன்பட்டது. அக்கோப்பின் உள்ளே உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எவருக்கும் புரியாத எழுத்துக்குவியல் தோன்றும். மாற்றிகள் உண்டு, ஆயினும் இக்கோப்பு எந்த எழுத்துருவுக்கு உரியது என்பதைக் கோப்பு தானே சொல்வதில்லை. எக்ஸ்எம்எல் கோப்போ தன் எழுத்துக் குறியேற்றம் இன்னது என்பதை முதல் வரியிலேயே அறிவிக்க வல்லது. அறிவிக்காவிடில் யுனிக்கோட்டின் வடிவமாகவே கொள்ளப்படும். தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும் ஆவணமே நெடுங்காலம் வாழும்.

எக்ஸ்எம்எல் வெளியான அதே 1998ஆம் ஆண்டின் பொங்கல் நாளில், சுவிற்சர்லாந்தில் வாழும் விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் முதலியோரின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளிலும் வாழும் தன்னார்வலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து இணையத்தில் ஏற்றினர். ஈழத்து நூல்களுக்கென 2005இல் நூலகம் திட்டம் தோன்றியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. ஒரே படியாக இருந்தவை மீளவில்லை. அதனை அறிந்த சமூகத்துக்கு இத்தகைய திட்டங்களின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

எழுத்துகளை யுனிக்கோடு காத்துத் தந்துள்ளது. அடுத்த படி பொருளைக் காப்பதாகும். திருக்குறளை எடுத்துக்கொள்வோம். அறத்துப்பாலில் 38, பொருட்பாலில் 70, காமத்துப்பாலில் 25 என 133 அதிகாரங்கள். அதிகாரத்துக்குப் பத்தாக 1330 குறள்கள். பால், அதிகாரம், குறள், அடி, சீர் என்று ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இந்நூல் எக்ஸ்எம்எல்லுக்கென்றே ஆக்கியது போன்றது. ஒவ்வொரு குறளுக்கும் பல உரைகளை இணைக்கலாம், உரையில் வரும் மேற்கோள்களைக் குறிக்கலாம், பாடபேதங்களைச் சுட்டலாம்.

இப்பணிக்கென 1987 முதல் வளர்ந்துவரும் வழிகாட்டி ஒன்று உண்டு. ரிஈஐ என்பது அதன் சுருக்கப்பெயர். உலகெங்கும் பல்கலைக்கழகங்களும் ஆவணக்காப்பகங்களும் அதனைப் பின்பற்றுகின்றன. ஜேர்மனியின் பழைய நூல்களைத் தொகுத்த 'டொய்ச்செஸ் டெக்ஸ்ட்ஆர்ஹீவ்' அவற்றுள் ஒன்று. ஐயத்துக்குரிய வாசிப்புக்கு ஒரு குறி, சிதைந்துபோன பகுதிக்கு ஒரு குறி, பதிப்பாசிரியர் தாம் சேர்த்த சொல்லுக்கு ஒரு குறி என்று அதில் தனித்தனியே உள்ளன. தெரிந்ததையும் ஊகித்ததையும் கலக்காமற் பிரித்துக் காட்டும் அவ்வொழுக்கம் ஆய்வாளருக்கு இன்றியமையாதது. தமிழும் அறிந்து இத்தொழில்நுட்பமும் அறிந்தோர் உலகில் மிகச் சிலரே. வார இறுதிகளில் இப்பாடசாலைக்கு வரும் பிள்ளைகள் அச்சிலருள் ஒருவராக வர இயலும்.

8. பெறவேண்டிய திறன்கள்

'எக்ஸ்எம்எல் வல்லுநர் தேவை' என்ற விளம்பரத்தைத் தேடினால் கிடைப்பது அரிது. தொழிலின் பெயர் மென்பொருளாளர், தரவுப் பகுப்பாய்வாளர், தொழில்நுட்ப எழுத்தாளர், பதிப்புத் தொழில்நுட்பர், ஆவணக்காப்பாளர், கணக்கியல் மென்பொருள் ஆலோசகர் என்று பலவாறாக இருக்கும். அவ்வேலையின் உள்ளே எக்ஸ்எம்எல் இருக்கும். ஆதலால் கற்கவேண்டியவற்றை வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, அடிப்படை விதிகளும் அமைப்புவிதி எழுதும் முறையும். அடிப்படை விதிகளை ஒரு வாரத்திற் கற்றுவிடலாம். நல்ல அமைப்பை வகுக்கும் ஆற்றல் வருவதற்கு நீண்ட பயிற்சி வேண்டும்.

இரண்டாவது, எக்ஸ்பாத் என்னும் தேடல்மொழி. ஆவணத்தின் எப்பகுதியையும் சுட்டி எடுக்க அது உதவும். அதனை அடுத்து, ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றும் எக்ஸ்எஸ்எல்ரி. உலாவியில் அதன் பழைய பதிப்புக்கு இடம் குறைந்தாலும், 2017இல் வெளியான அதன் 3.0 பதிப்பு பதிப்பகங்களிலும் ஆவணப் பணிகளிலும் பயன்படுகின்றது.

மூன்றாவது, பைத்தன் அல்லது ஜாவா போன்ற பொது நிரல்மொழி ஒன்று. அதனோடு ஜேசன், தரவுத்தள வினவுமொழியாகிய எஸ்கியூஎல், யுனிக்கோட்டின் இயல்பு ஆகியவையும் வேண்டும். எக்ஸ்எம்எல் ஒன்றை மட்டும் கற்று நிற்பது ஒற்றைக் காலில் நிற்பதாகும்.

நான்காவது, ஒரு துறையறிவு. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர். விலைச்சிட்டையைக் குறிக்க வரிமுறை தெரிய வேண்டும். சட்டத்தைக் குறிக்கச் சட்ட அமைப்புத் தெரிய வேண்டும். சுவடியைக் குறிக்க யாப்புத் தெரிய வேண்டும். இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் குறிகளை நொடியில் இட்டுத் தருகின்றன. மூடும் குறி தவறினால் எக்ஸ்எம்எல் வாசிப்பான் கண்டுபிடித்துவிடும். 'கண்டி' என்பது ஊரா, கழுத்தில் அணியும் மாலையா என்று தவறாகக் குறித்தால் எந்த வாசிப்பானும் முறையிடாது. அப்பிழையைக் காண்பவரே இனித் தேவைப்படுவார்.

ஐந்தாவது, மொழித்திறன். தரங்களின் விதிகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அலுவலகத்தின் பேச்சு ஜேர்மன் மொழி. தமிழ் மூன்றாவது மொழியாக நம்மிடம் உள்ளது. எழுத்தும் இலக்கணமும் வேறாகிய மொழியொன்றை அறிந்தவருக்கு, எல்லா மொழியும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்பது இயல்பாகவே விளங்கும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரு கட்டங்களுள் தந்தையின் பெயரைத் தலையெழுத்தாகக் கொள்ளும் தமிழர் பெயரை அடக்க முடியாமல் அலுவலகங்களில் நாம் படும் பாட்டைப் பிள்ளைகள் அறிவர். நல்ல தரவமைப்பு எவ்வாறு இருக்கக்கூடாது என்பதற்கு அது கண்கண்ட பாடம்.

கல்விவழிகள் பல. பல்கலைக்கழகம் ஒன்றே வழியென எண்ண வேண்டாம். 'ஃபாக்இன்ஃபோர்மாற்றிக்கர்' எனும் மூன்றாண்டு அவுஸ்பில்டுங்கில், 2020ஆம் ஆண்டின் மறுசீரமைப்புக்குப் பின் தரவு மற்றும் செயன்முறைப் பகுப்பாய்வு என்பதும் தனிப்பிரிவாக உள்ளது. நூலகம், ஆவணக்காப்பகம் ஆகிய துறைகளுக்கும் தனியே தொழிற்பயிற்சி உண்டு. பல்கலைக்கழகம் செல்வோர் மொழியியலையும் கணினியியலையும் இணைக்கும் பாடநெறிகளையும் எண்ணிப் பார்க்கலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல். இடம்பெயர்ந்து வந்த எம்மிற் பலர், ஊரில் பெற்ற தகைமைகள் இங்கு ஏற்கப்படாமையை அனுபவத்தில் அறிந்தவர்கள். சான்றிதழ் எல்லையில் நின்றுவிட்டது. கற்றுத் தெளிந்த முறை மட்டுமே கூட வந்தது. தொழில்நுட்பத்திலும் இதுவே நிகழும். ஜிஎம்எல் போய் எஸ்ஜிஎம்எல் வந்தது. அதன் பின் எக்ஸ்எம்எல் வந்தது. நாளை வேறொன்று வரலாம். ஒரு பொருளை அதற்குரிய பெயரால் ஐயமின்றிக் குறித்தல் என்னும் பயிற்சி அரை நூற்றாண்டுக்கு மேலாக மாறவில்லை. "இது வேலை தருமா?" என்று கேட்கும் அதே வேளையில் "இது போய்விட்டால் என் பிள்ளையிடம் எஞ்சுவது என்ன?" என்றும் கேளுங்கள்.

9. தொகுப்புரை

எக்ஸ்எம்எல் உலாவியிலும் சிறு செய்திப் பரிமாற்றத்திலும் தன் இடத்தை இழந்தது. ஆவணம், பணம், சட்டம், பதிப்பு ஆகியவற்றில் அது அடித்தளமாக நிலைத்துள்ளது. புதுமைக் கவர்ச்சி அதற்கு இனி இல்லை. அதைப் பேணவும் மாற்றவும் சரிபார்க்கவும் ஆட்கள் தேவைப்படுவர். அதனைத் தனிக்கலையாகக் கருதாமல், ஒரு துறையறிவோடும் ஒரு நிரல்மொழியோடும் சேர்த்துக் கற்பவருக்குப் பயன் மிகும். தமிழுக்கு அது இன்னும் செய்யப்படாத பெரும்பணி ஒன்றின் கருவியாகும்.

பயிற்சிகள்

1. தோற்றக்குறி, பொருட்குறி ஆகியவற்றின் வேறுபாட்டை இவ்வாண்டு மலரின் ஒரு பக்கத்தைக் கொண்டு விளக்குக.

2. வேர்ட் கோப்பொன்றின் படியைச் 'சிப்' கோப்பாக மாற்றித் திறந்து, உம்முடைய வாக்கியம் எந்தக் கோப்பில் உள்ளது எனக் கண்டறிக.

3. உம்முடைய வகுப்பின் வரவுப் பதிவேட்டுக்கு எக்ஸ்எம்எல் அமைப்பொன்றை வகுக்க. எவை கட்டாயம், எவை விருப்பம் என்பதைக் காரணத்துடன் கூறுக.

4. கடை நடத்தும் உறவினர் ஒருவரிடம், தமக்கு வரும் விலைச்சிட்டைகளுள் மின்விலைச்சிட்டை எது, வெறும் பிடிஎப் எது என்று கேட்டு வேறுபாட்டை எழுதுக.

5. வீட்டில் உள்ள பழைய கடிதம் ஒன்றைப் பெற்றோரின் அனுமதியுடன் யுனிக்கோட்டில் தட்டச்சுச் செய்க. எழுதியவர், பெறுபவர், நாள், ஊர், உறவுமுறைப் பெயர்கள் ஆகியவற்றைக் குறிக்க. வாசிக்க இயலாத இடங்களை ஊகித்து நிரப்பாமல், <ஐயம்> என்னும் குறியிட்டு விட்டுவிடுக. அவ்விடங்களைப் பாட்டனாரிடமோ பாட்டியாரிடமோ இன்றே கேட்டு அறிக.